ஆண்டின் தொடக்கமும் நம் அன்றாடப் பழக்கங்களும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் இப்போது மாலை 5.00 மணி. லண்டனில் முற்பகல் 11.30. ரொறன்ரோவில் விடிந்தும் விடியாத காலை 6.30. மெல்பேர்ணில் இரவு 10.30. நேரத்தைப் பாராமல் திரைக்கு முன்னால் வந்து அமர்ந்திருக்கும் சகோதரிகளுக்கு முதலில் நம் நன்றி. சிலர் கையில் தேநீர்க் கோப்பையும் சிலர் முகத்தில் நித்திரைக் கலக்கமும் தெரிகின்றன. வந்திருக்கிறீர்களே, அதுவே மகிழ்ச்சி.

நம் சங்கம் நூறாவது ஆண்டைத் தொடும் வேளையில் புத்தாண்டுச் சிந்தனையாகச் சில வார்த்தைகள் பேசும்படி செயற்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நூறு ஆண்டுகளில் எழுந்த கட்டடங்களையும் கிடைத்த பெறுபேறுகளையும் ஆண்டறிக்கைகள் சொல்லும். அவற்றைவிடச் சிறிய ஒரு விடயத்தைப் பேசலாம் என்று நினைத்தோம். ஆண்டு பிறக்கும்போது நம் வீடுகளில் நாம் செய்யும் சின்னச் சின்னக் காரியங்கள்தான் அந்த விடயம்.

நமக்கு ஆண்டு பல முறை பிறக்கிறது. ஜனவரி முதலாம் திகதி நாட்காட்டிக்கும் அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் உரிய பிறப்பு. தை முதல் நாள் நெல்லுக்கும் சூரியனுக்கும் உரியது. ஏப்ரல் நடுவில், சூரியன் மேட இராசியில் புகும்போது சித்திரைப் புத்தாண்டு. கிறிஸ்தவச் சகோதரிகள் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பழைய ஆண்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் புதிய ஆண்டுக்குள் காலெடுத்து வைப்பார்கள். முஸ்லிம் சகோதரிகளின் ஹிஜ்ரி ஆண்டு பிறையைப் பார்த்துப் பிறப்பது. சித்திரைக்கோ வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணித பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். எது சரியென்று ஆண்கள் விறாந்தையில் இருந்து வாதாடிக்கொண்டிருப்பார்கள். அம்மா இரண்டு புண்ணியகாலத்துக்கும் பொருந்தி வருகிற ஒரு நேரத்தைக் கணக்குப் பார்த்து அடுப்பை மூட்டிவிடுவார்.

இத்தனை தொடக்கங்கள் இருப்பது நல்லதுதான். ஜனவரியில் தவறவிட்டதைத் தையில் பிடிக்கலாம். தையில் தவறினால் சித்திரை இருக்கிறது. ஆனால் எதைத் தொடங்குவது? விடிய எழும்பி நடப்போம், சீனியைக் குறைப்போம், கோபத்தைக் குறைப்போம் என்று நாம் எடுக்கும் தீர்மானங்கள் பெரும்பாலும் பட்டிப்பொங்கல் வருவதற்குள் களைத்துப் போகின்றன. யாரும் தீர்மானம் எடுக்காமலே நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் சில பழக்கங்கள் மட்டும் களைப்பதில்லை. அவை ஏன் நிலைக்கின்றன, அவற்றில் எதை நாம் கையளிக்க வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்பதை இன்று சேர்ந்து யோசிப்போம்.

ஜனவரி என்றதும் புதிய கொப்பிகளின் வாசனை ஞாபகம் வராதவர் நம்மில் யார்? 1980இல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் படித்த மூத்த சகோதரிகளுக்கு அக்காவின் புத்தகமே புதுப் புத்தகம். மேலே அக்காவின் பெயர் வெட்டப்பட்டிருக்கும், அதன் கீழே தங்கையின் பெயர். பழைய புத்தகத்துக்கும் புது உறை போடுவோம். பிறகு கொப்பியைத் திறந்து, திகதி எழுதுவதற்கும் முன்பு, முதற் பக்கத்தின் மேலே ஒரு சிறு அடையாளம் இடுவோம். சைவப் பிள்ளைகள் பிள்ளையார் சுழி. கிறிஸ்தவப் பிள்ளைகள் சின்னஞ் சிறிய சிலுவை. முஸ்லிம் பிள்ளைகள் 786. எந்த ஆசிரியையும் அதைப் போடச் சொன்னதில்லை, போட்டதற்காகப் புள்ளி தந்ததுமில்லை. கணக்குப் பிழைத்த நாளிலும் அது அங்கேதான் இருந்தது. பக்கத்தில் இருப்பவளின் அடையாளம் வேறு என்பதை நாம் கண்டோம். அவளுக்கும் ஓர் அடையாளம் உண்டு என்பதையும் கண்டோம். நம்பிக்கை என்பதை நாம் முதலில் கற்றது அந்த அங்குல இடத்தில்தான். தொடங்குகிற எதையும் நாம் தனியே தொடங்கவில்லை என்பதே அதன் பொருள். அந்தப் பொருளை அப்போது யாரும் நமக்கு விளக்கவில்லை. கை எழுதிப் பழகியது, மனம் பிறகு மெல்ல வந்து சேர்ந்தது.

மார்கழி விடியல்களும் அப்படித்தான். திருவெம்பாவைக் காலத்தில் இருள் விலகுமுன் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைகளில் கேட்கும். பனிக் குளிரில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பது அப்போதுதான் தெரியும். கோயிலில் பாடியதன் பொருள் விளங்கிப் பாடினோம் என்று சொல்ல முடியாது. பாடி முடிந்தபின் கிடைக்கும் கடலையின் நினைவு நம்மில் பலரை எழுப்பியது. அதே வாரங்களில் தேவாலயத்துப் பிள்ளைகள் வீடு வீடாகக் கரோல் பாடி வருவார்கள். அவர்களுக்கும் எந்த வீட்டில் கேக் நன்றாக இருக்கும் என்பது தெரியும். சின்ன வயதில் பக்தியும் பசியும் ஒன்றாகவே நடந்தன. கடவுள் அதைக் குறையாக எடுத்திருக்க மாட்டார்.

சித்திரையில் மருத்துநீர். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகம்புல், மஞ்சள், திப்பிலி, சுக்கு, பால் என்று பலதும் சேர்த்துக் கோயிலில் காய்ச்சுவார்கள். வீட்டுக்கொருவர் செம்போடு போய் வாங்கி வருவோம். தலைக்கு என்ன இலை, காலுக்கு என்ன இலை, உடுப்புக்கு என்ன நிறம் என்று அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் சொல்லும். வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவராக அழைத்து உச்சியில் வைத்துவிடுவார். யோசித்துப் பார்த்தால், ஆண்டில் ஒரு நாளாவது வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் தலையையும் ஒரு மூத்தவரின் கை தொடுகிறது. கோபித்திருந்த மகனும் அன்று குனிந்தே ஆகவேண்டும். பிறகு புத்தாடை, பொங்கல், வெற்றிலையில் வைத்துத் தரும் கைவிசேஷம். அந்தக் காசு சிறிது. ஆனால் அதைச் செலவழிக்க மனம் வராது.

இந்தப் பழக்கங்கள் வெறும் அலங்காரமா, உயிருள்ளவையா என்பதை நம் தலைமுறைகள் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. 1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் படித்து உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கொப்பியின் மேலே 786 எழுதிய நம் தோழிகளின் கதிரைகள் ஒரே நாளில் வெறுமையாயின. இன்று புத்தளத்திலும் கொழும்பிலும் இருந்து இந்த ஒன்றுகூடலில் இணைந்திருக்கும் அந்தச் சகோதரிகளின் பெயர்கள் நம் சங்கப் பதிவேட்டில் இருக்கின்றன. அவர்கள் இல்லாமல் நம் நூற்றாண்டு நிறைவாகாது.

1995 ஒக்டோபர் 30 இரவு, மழையில், வலிகாமம் முழுவதும் தெருவுக்கு வந்தது. இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் போனார்கள். அடுத்த தைப்பொங்கல் வந்தபோது நம்மில் பலர் பாடசாலை வகுப்பறைகளிலும் கோயில் மடங்களிலும் அறிமுகமில்லாதவர்கள் மனமுவந்து தந்த விறாந்தைகளிலும் இருந்தோம். வீட்டை விட்டு வந்தபின் என்ன பொங்கல் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் இருந்தது. ஆனாலும் விடியற்காலையில் ஒரு மூலையில் மூன்று கல் வைக்கப்பட்டது. சோறு காய்ச்சும் சட்டியே பொங்கற் பானையானது. அரிசி ஒருவருடையது, பனங்கட்டி இன்னொருவருடையது, விறகு வீட்டுக்காரருடையது. முற்றம் நம்முடையதல்ல, ஆனால் கிழக்கு அங்கேயும் கிழக்குத்தான். பொங்கி வழிந்தபோது யாரும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் மட்டும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் பெரியவர்கள் கல் வைத்தார்கள் என்று இப்போது விளங்குகிறது.

அதிலிருந்து நாம் கற்றது இதுதான். பெரிய விழாக்களுக்குப் பந்தலும் பணமும் வேண்டும். அவை இல்லாமற் போனால் விழாவும் நின்றுவிடும். சிறு பழக்கத்துக்கு மூன்று கல்லும் ஒரு பிடி அரிசியும் போதும். ஆகையால் அதை எங்கேயும் தூக்கிச் செல்லலாம். 2020 சித்திரையில் ஊரடங்கு. கோயிற் கதவு பூட்டியிருந்தது, மருத்துநீர் வாங்கப் போக முடியவில்லை. வீட்டு வளவில் இருந்த துளசியும் அறுகும் சிறிது மஞ்சளும் இட்ட தண்ணீரே பல வீடுகளில் மருத்துநீர் ஆயிற்று. 2022 சித்திரையில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசை, மணிக்கணக்கில் மின்வெட்டு. நகரத்துத் தொடர்மாடிகளில் இருந்த பிள்ளைகளுக்கு அம்மம்மாமார் விறகடுப்பு மூட்டும் விதத்தைத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டும் பிறக்கத்தான் செய்தது.

இப்போது கடல் கடந்திருக்கும் சகோதரிகளிடம் வருவோம். உங்கள் சோதனை வேறு விதமானது. வெளியே பனி முழங்கால் மட்டும் கிடக்கும். பால் பொங்கும்போது புகை எச்சரிக்கை மணி அலறும் என்று யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பொங்குவீர்கள். தை முதல் நாள் வேலை நாளாக வந்தால் சூரியன் சனிக்கிழமைவரை பொறுத்துக்கொள்வார். கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. பொங்கலும் அந்த மாதத்தில் வருகிறது. மேடையில் பிள்ளைகள் அழகாக ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். அது பெருமைக்குரியது. மேடை ஆண்டுக்கு ஒரு நாள் வரும். சமையலறை ஒவ்வொரு நாளும் வரும். எனவே மேடைக்குத் தரும் கவனத்தில் ஒரு பங்கையாவது சமையலறைக்கும் தாருங்கள் என்று கேட்கிறோம்.

பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். ஏன் விளக்கேற்ற வேண்டும், ஏன் சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்ல வேண்டும், ஏன் மூத்தவரிடம் கைவிசேஷம் வாங்கக் குனிய வேண்டும்? நம் சின்ன வயதில் அந்தக் கேள்விக்கு வாய்காட்டாதே என்பதே பதிலாக இருந்தது. இன்றைய பிள்ளைக்கு அது போதாது. விளக்கேற்றினால் பரீட்சையில் சித்தி கிடைக்கும் என்று சொல்லவும் வேண்டாம். ஒரு நாள் சித்தி கிடைக்காமற் போகும், அன்றோடு விளக்கும் அணைந்துவிடும். எங்களுக்கு வெளிச்சமே இல்லாதிருந்த ஒரு காலத்தில் அம்மம்மா இதை ஏற்றினார், அதனால் நாங்களும் ஏற்றுகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் கதையைக் கேட்பார்கள். கதை கேட்ட பிள்ளை என்றாவது ஒரு நாள் தானாகத் தீப்பெட்டியை எடுக்கும்.

சகோதரிகளே, நிலைத்து நிற்பதெல்லாம் நல்லது என்றும் எண்ணிவிடக் கூடாது. ஆண்டுப் பிறப்பன்று நம்மிடையே நிலைத்திருக்கும் இன்னொரு வழக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டியிருக்கிறது. போர் நம் பல வீடுகளில் ஒரே பெண்ணை உழைப்பவளாகவும் தந்தையாகவும் தாயாகவும் ஆக்கிவிட்டது. தோட்டத்தில் நின்றவளும் அவள்தான், தையல் இயந்திரத்தை மிதித்தவளும் அவள்தான், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனவளும் அவள்தான். ஆனால் புத்தாண்டுக் காலையில் முழுவியளம் பார்க்கிறோம் என்று சொல்லி அவளைக் குசினிக்குள் நிற்கவைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பொங்கலைப் பொங்கும் கைக்கு கைவிசேஷம் கொடுக்க உரிமை இல்லை. மகளின் தலையில் மருத்துநீர் வைக்க வேறொருவரைத் தேடுகிறார்கள். சில வேளைகளில் அவளே, நமக்கேன் என்று ஒதுங்கிக்கொள்கிறாள். மற்றவர் சொல்லி நோவதைவிடத் தானாக ஒதுங்குவது அவளுக்கு நோவு குறைவு.

காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியரை நினைத்துப் பாருங்கள். பொட்டு வைத்தால் ஒரு சொல், வைக்காவிட்டால் இன்னொரு சொல். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் அருகே 2017 பெப்ரவரி 20இல் தங்கள் உறவுகளைத் தேடி அமர்ந்த தாய்மாரும் மனைவியரும் தைப்பொங்கலையும் சித்திரையையும் வீதியோரப் பந்தலிலேயே கண்டார்கள். எந்த ஆண்டு பிறந்தாலும் அவர்களுக்குக் கேள்வி ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒருத்தியைக் கண்டால் சகுனம் கெடும் என்று எண்ணுகிற மனத்தில் கடவுள் எங்கே இருப்பார்? விளக்கு தன்னை யார் ஏற்றினார் என்று கேட்பதில்லை. பொங்கலும் யார் கை துழாவியது என்று பார்த்துச் சுவை மாறுவதில்லை.

ஒரு பழக்கத்தைக் கையளிப்பதா, கைவிடுவதா என்று அறிய நமக்குப் பெரிய சாத்திரப் படிப்பு வேண்டியதில்லை. அது வீட்டில் உள்ளவர்களைக் கிட்டக் கொண்டுவருகிறதா, யாரையாவது கதவுக்குப் பின்னால் நிறுத்துகிறதா என்று பார்த்தாற் போதும். மருத்துநீர் கோபித்தவனையும் கிட்டக் கொண்டுவருகிறது, அதை வைத்திருப்போம். முழுவியளம் ஒரு தாயைத் தன் வீட்டிலேயே ஒளித்துவைக்கிறது, அதை விட்டுவிடுவோம். பெண்களைப் படிப்பிப்பதே வழக்கத்துக்கு மாறு என்று இருந்த மண்ணில் எழுந்த கல்லூரிகளில் ஒன்று நம்முடையது. வழக்கம் ஒன்றை மாற்றத்தான் நமக்குப் பலகையும் வெண்கட்டியும் தரப்பட்டன. அந்தத் துணிவு நமக்குப் புதிதல்ல.

இந்த ஆண்டுக்காக மூன்று சிறிய காரியங்களைச் சங்கத்தின் எல்லாக் கிளைகளின் முன்னும் வைக்கிறோம். முதலாவது, வரும் சித்திரையில் ஒவ்வொரு கிளையிலும் முதற் கைவிசேஷம் அங்கேயுள்ள மிக மூத்த சகோதரியின் கையால் வழங்கப்படட்டும். அவருக்கு வயது மட்டுமே தகுதி, வேறெதையும் நாம் கேட்கப்போவதில்லை. வீடுகளிலும் அப்படியே நடக்கட்டும்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு நாள் ஒரு சகோதரிக்கோ ஓர் ஆசிரியைக்கோ தொலைபேசி எடுங்கள். வட்ஸ்அப்பில் பூப்படமும் காலை வணக்கமும் அனுப்புவதைச் சொல்லவில்லை, குரலைச் சொல்கிறோம். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், பெரிய வீட்டில் ஒருவராக இருக்கும் நம் ஆசிரியைகள் எத்தனையோ பேர். முற்றத்தைக் கூட்டிக் கோலம் போட்டுவிட்டு, அதைப் பார்க்க ஆளில்லாமல் உள்ளே போகிறார்கள். பொங்கினீர்களா ரீச்சர் என்று ஒருவர் கேட்டால், அடுத்த முறை ஒருவருக்காகவாவது பொங்குவார்கள்.

மூன்றாவது, உங்கள் வீட்டுப் பழக்கங்களை அம்மாவிடமோ மாமியிடமோ கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் ஊரில் பொங்கலுக்குப் பயறு எவ்வளவு போடுவார்கள், கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு மாவை எப்படி வறுப்பார்கள், நோன்புக் கஞ்சியில் என்னென்ன சேரும் என்று கேளுங்கள். அளவு கேட்டால் ஒரு கை, அரைச் சிறங்கை, கண்மட்டம் என்றுதான் சொல்வார்கள். அதையும் அப்படியே எழுதுங்கள். கேட்க ஆளிருக்கும்போதே கேட்டு வைத்தாற்தான் உண்டு.

மகிழ்ச்சிக்கென்று தனியாக எதையும் தேடவேண்டியதில்லை. தை வெயிலில் அவித்த பனங்கிழங்கை நார் உரித்து மிளகு உப்போடு தின்பதும், புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடிப்பதும், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேத்தண்ணி குடிப்பதும் யாரிடமும் அனுமதி கேட்டுச் செய்கிற காரியங்களல்ல. ஊரில் இருப்பவர்கள் அவற்றை அனுபவியுங்கள். வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு பொதி அனுப்புங்கள். அதுவும் ஒரு பிரார்த்தனைதான்.

நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கத்தைக் காத்துவந்த பெண்களில் பலரின் பெயர்கள் நமக்குத் தெரியாது. கூட்டத்துக்குக் கதிரை அடுக்கியவர்கள், சந்தாவை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர்கள், தேநீர் ஊற்றியவர்கள் அவர்கள். ஒவ்வொரு ஆண்டும் அதே காரியத்தை அலுக்காமல் செய்தார்கள். அவர்களுடைய அந்தப் பழக்கத்தின் மேல்தான் இன்று நாம் இருக்கிறோம். வரும் ஆண்டில் நாமும் ஏதாவது ஒரு சிறு நல்ல காரியத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டும் அதைச் செய்வோம்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பொங்கலுக்கும் சித்திரைக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.